நனையாத அட்டை

அந்தக் கதவைத் தட்டிப் பிரயோஜனம் இல்லை அம்மா. சலோமி அக்கா வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறாள். மோட்டாருக்குக் கரண்டு ஒரு மணி வரைக்கும் இருக்கும், அது நின்றால்தான் அவள் வருவாள். அதுவரைக்கும் வெயிலிலே நிற்காதீங்க, இங்கே வாங்க.

நீங்க புது ஐயரம்மாதானே? கோயிலிலே பார்த்திருக்கிறேன், கைப்பிள்ளையோட கடைசிப் பெஞ்சிலே உட்காருவீங்க. எங்க பக்கம் பாஸ்டரை ஐயர் என்றும் சர்ச்சைக் கோயில் என்றும்தான் சொல்லுவோம். மதுரையிலிருந்து வந்தவங்களுக்கு முதலிலே சிரிப்பாக இருக்கும், போகப் போகப் பழகிவிடும்.

இந்த நாற்காலியிலே உட்காருங்க. ஒரு கால் ஆடும், ஆனால் விழாது. வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணமாக வந்தது. நாற்காலி, குடம், பாய், ஸ்டவ், இந்தச் சுவர், மேலே இருக்கிற தளம் எல்லாமே நிவாரணம்தான். பெண்டாட்டி ஒருத்திதான் பழைய சரக்கு என்று எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். கருப்பட்டிக் காப்பி குடிப்பீங்கல்ல? அடுப்பிலே கொதிக்கட்டும், நான் பேசிக்கொண்டே போடுகிறேன்.

சலோமி ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று கேட்கத்தானே வந்தீங்க. நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பார்கள். அதிலே மூன்று பேர் என் பெயரை இழுத்திருப்பார்கள். நான் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். எனக்கும் உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. வருகிற புது வருஷ ஆராதனையிலே நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை நாலு பேருக்கு முன்னாலே நின்று சொல்ல வேண்டும், வேறே ஒன்றும் கேட்கவில்லை. முந்தின ஐயர் அதை வேண்டாம் என்று தடுத்து வைத்துவிட்டு மாறுதலாகிப் போய்விட்டார். நீங்க ஐயாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். முதலிலே முழுசும் கேளுங்க.

சலோமி அக்காவின் புருஷன் பொன்சிங் அத்தானும் எங்க வீட்டுக்காரரும் கூடப்பிறந்தவர்கள். அத்தான் மூத்தவர். மாமனார் மனையை இரண்டாக வகுந்து கொடுத்ததிலே பக்கத்திலே பக்கத்திலே வீடு. அவர்களுக்குக் காங்கிரீட்டு வீடு, மேலே மட்டுப்பா, உங்க ஊரிலே மொட்டைமாடி என்பீங்க. எங்களுக்கு மண்சுவரும் ஓடும். நடுவிலே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். அந்தச் சுவர்மேலே தினமும் குழம்புக் கிண்ணம் போகும், வரும். பத்து வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளைகள் ஷைனியும் ஜெமியும் பாதி நேரம் அங்கேதான் கிடப்பார்கள். என் சமையல் பிடிக்காத அன்றைக்குச் சுவரேறிக் குதித்துவிடுவார்கள்.

எங்க வீட்டுக்காரர் தோணியிலே சமையல்காரர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணி. கிளம்பிவிட்டால் பத்து நாள், இருபது நாள் பேச்சுமூச்சு இருக்காது. எனக்குக் கல்யாணமான வருஷத்திலே இவர் தோணிக்கு முன்னாலே போன தோணி ஒன்று திரும்பி வரவேயில்லை. அதிலேயிருந்து டிவியிலே காற்று என்றாலே எனக்குச் சோறு இறங்காது. சிரித்துச் சிரித்துப் பேசுகிறேன் என்று பார்க்காதீங்க, உள்ளே பயந்தாங்கொள்ளி நான்.

இப்போது அட்டைக்கு வருகிறேன்.

புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் எங்க கோயிலிலே ஒரு தாம்பாளம் வைப்பார்கள். மேலே வெள்ளைத் துணி மூடியிருக்கும். உள்ளே வாக்குத்தத்த அட்டைகள், எல்லாம் கவிழ்ந்து கிடக்கும். வீட்டுக்கு ஒருவர் போய்க் கண்ணை மூடி, துணிக்குள்ளே கையை விட்டு ஒன்று எடுக்க வேண்டும். அதிலே என்ன வசனம் இருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குச் சொல்கிற சொல். பின்னாலே பேரும் தேதியும் எழுதி வேதப்புத்தகத்துக்குள்ளே வைத்துக்கொள்வோம். உங்க ஊரிலும் உண்டு, தெரியும். ஆனால் எங்க ஊர்க்காரர்கள் அதைப் பிடிக்கிற பிடி வேறே. கிணறு தோண்டுவது, பெண் பார்க்கப் போவது எல்லாம் அட்டையை ஒருதரம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான்.

வெள்ளம் வந்த வருஷத் தொடக்கத்திலே எனக்கு என்ன வந்தது தெரியுமா? உபத்திரவத்திலே பொறுமையாக இருக்கச் சொல்லி வந்தது. புதுச் சேலை கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போய், உபத்திரவத்தையா கையிலே வாங்கிக்கொண்டு வருவது? எனக்கு முகம் தொங்கிவிட்டது. பக்கத்திலே பார்த்தால் சலோமி அக்கா தன் அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருக்கிறாள். வாங்கிப் பார்த்தேன். நீ தண்ணீருக்குள்ளே இறங்கினாலும் நான் கூடவே வருவேன், வெள்ளம் உன்னை மூடாது என்கிற கருத்துள்ள வசனம்.

நீங்களே சொல்லுங்க அம்மா. தண்ணீரிலே கிடக்கிறது யார் புருஷன்? அவள் புருஷன் வாழைக்குத் தண்ணீர் பத்தாமல் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவர். எங்க ஊர்க் குளம் ஏழு வருஷமாக நிறையவில்லை, உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் காய்ந்த காட்டிலே அவளுக்கு எதற்கு வெள்ளத்து வசனம்? கோயில் வாசலிலே செருப்பு மாட்டும்போது கேட்டேன், மாத்திக்கிடுவோமா அக்கா என்று. கையிலே வந்தது வந்ததுதான், மாத்தக் கூடாது என்பார்களே என்று அவள் யோசித்தாள். வரிசையிலே நான் உனக்கு ஒரு ஆள் முன்னாலே நின்றிருந்தால் இது எனக்குத்தானே வந்திருக்கும், ஆண்டவருக்குத் தெரியாதா என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏட்டி எப்சி, உங்கிட்ட வக்கீலே தோத்துப்போவான்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

சிரித்துக்கொண்டுதான் கொடுத்தாள். நான் பிடுங்கவில்லை. அதை மட்டும் நீங்க மனசிலே வைத்துக்கொள்ளணும்.

அந்த வருஷம் எனக்கு எப்படிப் போனது என்று சொன்னால் நம்பமாட்டீங்க. பயமே இல்லை. அவர் அஞ்சு தடவை போய்வந்தார். ஒருதரம் மினிக்காய்ப் பக்கம் காற்று திரும்பி நாலு நாள் தாமதம். மற்ற தோணிக்காரர் பெண்டாட்டிகள் எல்லாம் துறைமுகத்து வாசலிலே போய் உட்கார்ந்துகொண்டு அழுகிறார்கள். நான் வீட்டிலே இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். அட்டையை எடுப்பேன், படிப்பேன், வைப்பேன். நெஞ்சிலே யாரோ கையை வைத்து அமர்த்தினது மாதிரி இருக்கும். அதுவரைக்கும் ஜெபம் என்றால் எனக்கு வாயிலே வருகிறதுதான். அந்த வருஷம்தான் ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்து பேசினேன். இதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சலோமி அக்காவே சொல்லியிருக்கிறாள், எப்சி முகத்திலே இப்போதான் களை வந்திருக்கிறது என்று.

காப்பியிலே இனிப்பு போதுமா? சரி.

அப்புறம் மார்கழி மழை. ஞாயிற்றுக்கிழமை கொட்ட ஆரம்பித்தது, விடவே இல்லை. திங்கட்கிழமை காலையிலே குளம் நிறைந்து மறுகாலிலே தண்ணீர் விழுகிறது என்று சத்தம் கேட்டது. ஊரே குடையைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஓடினோம். ஏழு வருஷத்துக்குப் பிறகு இல்லையா. பொன்சிங் அத்தானுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை, இந்த வருஷம் வாழைக்குக் குறையில்லை என்று ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொன்னார். பத்து மணிக்குக் கரை உடைந்தது.

எப்படி வந்தது என்று கேட்காதீங்க. முற்றத்திலே கணுக்கால், பானையை எடுத்து மேலே வைப்பதற்குள்ளே முழங்கால். போன் கிடையாது, கரண்டு கிடையாது, இவரும் அப்போது கடலிலே. அத்தான் பின்பக்கத்திலே நின்ற வாழைகளைச் சரித்து, தண்டுகளைக் கயிறு போட்டுக் கட்டி ஒரு தெப்பம் பண்ணினார். சலோமி அக்கா மட்டுப்பாவிலே ஏறிவிட்டாள். அது காங்கிரீட்டு, பயமில்லை. மண்சுவர் எந்த நேரமும் உட்கார்ந்துவிடும், மட்டுப்பாவிலே மறைப்பு இல்லை, கொட்டுகிற மழையிலே சின்னதுகள் விறைத்துப்போகும், பிள்ளைகளை முதலிலே கோயிலுக்குக் கொண்டுபோங்க, நான் இங்கே இருந்துக்கிடுவேன் என்று அவள்தான் மேலேயிருந்து சொன்னாள். அவள்தான் சொன்னாள் அம்மா, நான் கேட்கவில்லை.

எங்க கோயில் மேட்டிலே இருக்கிறது பார்த்தீங்கல்ல, அந்தக் காலத்துக் கல்கட்டு. அங்கே போனால் தப்பலாம். நான் எடுக்க வேண்டியதை எடுத்தேன். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், இவர் பாஸ்போர்ட் நகல், பிள்ளைகள் ஸ்வெட்டர், என் தாலிச் சங்கிலி. மிக்ஸியைக்கூடத் தூக்கப் பார்த்தேன், அத்தான் முறைத்ததிலே ஜாரை மட்டும் எடுத்துக்கொண்டேன். சிரிக்காதீங்க, அந்த நேரத்திலே புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது. பிள்ளைகள் இரண்டும் தெப்பத்து மேலே. நான் ஒருபக்கம், அத்தான் ஒருபக்கம், நெஞ்சளவுத் தண்ணீரிலே தள்ளிக்கொண்டு போனோம். இரண்டு தெருவைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனது. வழியெல்லாம் ஷைனி தெப்பம் ஆடுகிறது பெரியப்பா, இன்னும் ஆட்டுங்க என்கிறாள். சின்னதுகளுக்கு என்ன தெரியும்.

கோயில் படியிலே ஏறினேன். ஏறி இடுப்பிலே கட்டியிருந்த பையைத் தடவிப் பார்க்கிறேன், எல்லாம் இருக்கிறது, வேதப்புத்தகம் இல்லை. கட்டிலுக்கு மேலே பலகையிலே இருக்கிறது. அட்டையும் அதற்குள்ளே இருக்கிறது.  அதுவரைக்கும் அழாத ஆள் நான். தண்ணீரைப் பார்த்து அழவில்லை அம்மா, அட்டையை நினைத்து அழுதேன். தண்ணீருக்கென்றே ஆண்டவர் கொடுத்த சொல், தண்ணீர் வந்த அன்றைக்குக் கையிலே இல்லை என்றால்?

அத்தான் சலோமி அக்காவைக் கூட்டிவரத் தெப்பத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஐயோ அத்தான், என் வேதப்புத்தகம் அங்கேயே இருந்துவிட்டதே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எடுத்துக்கொண்டு வாங்க என்று சொல்லவில்லை. எங்கே கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன், எடுத்துக்கொண்டு வாங்க என்ற சொல் என் வாயிலே வரவில்லை.

“அழாத எப்சி. போற வழிதானே” என்றார்.

போற வழிதான். பக்கத்து வீடுதானே.

அப்புறம் நாங்கள் கோயில் மாடியிலே இருந்தோம். ஒரு நாற்பது பேர் இருக்கும். பாட்டுக்காரர்கள் நிற்கிற இடத்திலே பெண்பிள்ளைகளையெல்லாம் உட்காரவைத்தோம். தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுகிறது, ஒருத்தி நெஞ்சிலே அடித்துக்கொள்கிறாள், ஒருத்திக்கு வாந்தி. நான்தான் அத்தனை பேரையும் தேற்றினேன். நான்தான் முதல் பாட்டை எடுத்தேன். பாடப் பாட ஒவ்வொருத்தராகச் சேர்ந்துகொண்டார்கள். பெஞ்சுகள் கீழே மிதந்து சுவரிலே முட்டுகிற சத்தம் கேட்கிறது, மேலே நாங்கள் பாடிக்கொண்டிருக்கிறோம். அது மாதிரி ஒரு ஆறுதலை நான் என் ஆயுசிலே அனுபவித்ததில்லை. கையிலே அட்டை இல்லை. ஆனாலும் வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அத்தான் எடுத்துக்கொண்டு வருவார் என்று தெரியும். ஜெமி என் மடியிலேயே தூங்கிவிட்டாள். பெரியம்மா எங்கே என்று ஷைனி கேட்டாள், பெரியப்பா கூட்டிக்கொண்டு வருகிறார் என்று சொன்னேன்.

மறுநாள் மத்தியானம்தான் படகு வந்தது. சலோமி அக்காவை மட்டுப்பாவிலேயிருந்து இறக்கிக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். தனியாக வந்தாள். நான் ஓடிப்போய், அத்தான் எங்கே அக்கா என்று கேட்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய்ப் பிள்ளைகளை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். 

புதன்கிழமை தண்ணீர் வடிந்தது. எங்க வீட்டுச் சுவருக்கு அடியிலே இருந்தார்.

தாசில்தார் ஆபீசிலிருந்து எழுதிக்கொண்டு போக ஒருத்தர் வந்தார். நானும் பக்கத்திலே நின்றேன். என்ன நடந்தது என்று அவர் கேட்க, சலோமி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“என்னைக் கூட்டத்தான் வந்தாங்க. அவ வீட்டுக்குள்ள நுழைஞ்சாங்க. அங்க எதுக்குப் போறீங்கன்னு மேலருந்து கேட்டேன். எப்சியோட வேதப்புத்தகமாம், ஒரு நிமிஷம்னு சொன்னாங்க. சுவர் விழுந்துட்டு.”

 எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? நூறு வருஷத்துச் சுவர், மழையிலே ஊறினது, விழத்தான் செய்யும். அவர் உள்ளே போனதனாலா விழுந்தது?

இனிதான் நான் சாட்சியாகச் சொல்ல நினைக்கிறதே வருகிறது, கேளுங்க. அத்தானைத் தூக்கும்போது சட்டைக்குள்ளே, வயிற்றோடு சேர்த்து ஒரு பொட்டலம். உரச்சாக்குக்கு உள்ளே இருக்குமே கனமான பிளாஸ்டிக் பை, அதிலே இரண்டு சுற்றுச் சுற்றி, தலையிலே கட்டியிருந்த துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார். பிரித்தால் என் வேதப்புத்தகம். இரண்டு நாள் தண்ணீருக்குள்ளேயும் சகதிக்குள்ளேயும் கிடந்து, ஒரு தாள்கூட ஒட்டவில்லை. அட்டை நேற்றுத்தான் அச்சடித்தது மாதிரி இருந்தது. கட்டில் போனது, பீரோ போனது, பிள்ளைகளின் பிறந்த சர்டிபிகேட் போனது. வசனம் மட்டும் நனையவில்லை. இதைச் சொல்லாமல் எதைச் சொல்வது?

மாசியிலே அசனம் வைத்தார்கள். கோயிலைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஊரெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்கு முன்னாலே ஆராதனையிலே, தப்பினவர்கள் சாட்சி சொல்லலாம் என்று ஐயர் சொன்னார். நான்தான் முதலிலே எழுந்தேன். ஆண்டவர் எனக்கு வருஷ ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், வெள்ளம் உன்னை மூடாது என்று சொன்னார், சொன்னபடியே என்னையும் என் பிள்ளைகளையும் கரையேற்றினார், வீடு இடிந்தும் வேதப்புத்தகம் நனையவில்லை என்றேன். அட்டையைத் தூக்கிக் காட்டினேன். அது எப்படி வெளியே வந்தது என்கிற பகுதியை விட்டுவிட்டேன். செத்துப்போனவரைப் பற்றிச் சபையிலே பேசி அவள் மனசை நோகடிக்க வேண்டாம் என்றுதான். யோசித்துத்தான் பேசினேன் அம்மா.

சலோமி அக்கா இரண்டாவது பெஞ்சிலே இருந்தாள். வெள்ளைச் சேலையைச் சரிபண்ணிக்கொண்டு எழுந்தாள், நடுவழியாக நடந்து வெளியே போனாள். சாப்பிடக்கூட நிற்கவில்லை. நான் அவளுக்கு இலையிலே சோறும் குழம்பும் கட்டிக் கொண்டுபோய்ச் சுவர்மேலே வைத்தேன். மறுநாள் காலையிலும் அது அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்துக்கொண்டு.

அன்றையிலிருந்து அவள் கோயில் வாசல் மிதிக்கவில்லை. முந்தின ஐயர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் இதை யாரிடமும் சாட்சியாகச் சொல்ல வேண்டாம் எப்சிபா, உனக்குள்ளே வைத்துக்கொள் என்றார். ஏன் என்று கேட்டேன். ஜெபம் பண்ணி யோசித்துப் பார் என்றார். ஜெபம் பண்ணினேன். ஒன்றும் தெரியவில்லை. ஆண்டவர் எனக்கு நல்லது செய்தார். அவளுக்குச் செய்யவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் பிள்ளைகளை மட்டும் இப்போதும் கூப்பிடுவாள். தலை பின்னிவிடுவாள், பேன் பார்ப்பாள், பள்ளிக்கூடத்துக்கு டிபன் கட்டிக்கொடுப்பாள். என் மகள்கள் அங்கேயிருந்து நல்லெண்ணெய் மணத்தோடு திரும்பி வருவார்கள். என்னிடம் ஒரு சொல் கிடையாது. நான் வைக்கிற கிண்ணம் கழுவிக் கவிழ்த்தபடி சுவர்மேலேயே இருக்கும். தின்றாளா, நாய்க்குப் போட்டாளா, தெரியாது.

ஒரு நாள் எனக்கே பொறுக்கவில்லை. சரி, அட்டைதானே, அவளுடையதை அவளிடமே கொடுத்துவிடுவோம் என்று எடுத்துக்கொண்டு போனேன். வாசல்படி ஏறவிட்டாள். உள்ளே போனால் சுவரிலே அத்தான் படம், மாலை போட்டிருக்கிறது. அதற்குக் கீழே ஆணியடித்து ஒரு அட்டை. என் அட்டை. உபத்திரவமும் பொறுமையும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் படிக்கிற மாதிரி, கண்ணுக்கு நேரே. நீங்க இப்போது போனால் நீங்களும் பார்ப்பீங்க. நான் நீட்டினேன், இந்தாக்கா, இது உனக்கு வந்தது, என்னுடையதைக் கழற்றிக் கொடு, வழக்கப்படியே இருக்கட்டும் என்றேன். அவள் கையை நீட்டவில்லை.

“வச்சுக்கோ எப்சிபா. உனக்குத்தானே பலிச்சிருக்கு” என்றாள்.

எவ்வளவு பெரிய மனசு பாருங்க. இன்னொருத்தியாக இருந்தால் திருப்பி வாங்கியிருப்பாள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஏட்டி என்று கூப்பிடவில்லை. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஏட்டிதான், எப்சிதான். அன்றைக்கு முழுப்பெயரைச் சொன்னாள். ரேஷன் கடையிலே கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

இவர் இப்போதும் கடலிலேதான் இருக்கிறார். போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்று டிவியிலே தாழ்வு மண்டலம் என்றார்கள். வழக்கம்போல வேதப்புத்தகத்தை எடுத்தேன், அட்டையை எடுத்தேன். படிக்க முடியவில்லை. எழுத்து கலங்கிக் கலங்கிப் போகிறது. இருபத்தெட்டு வயசிலே எனக்குக் கண்ணாடி போடவேண்டும் போலிருக்கிறது. கொஞ்ச நாளாகவே இப்படி. பாட்டுப் புத்தகம் நன்றாகத் தெரிகிறது, கேஸ் பில் தெரிகிறது, இதுதான் தெரிய மாட்டேன் என்கிறது. சின்ன எழுத்து, அதனாலேதான்.

அம்மா, உங்க பையிலே இருக்கிற கட்டு இந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டைதானே? நீங்க உட்காரும்போதே பார்த்தேன். போன புது வருஷத்துக்குத் தாம்பாளம் வைக்கவில்லை, கோயில் முழுக்கச் சகதியும் நிவாரண அரிசியுமாகக் கிடந்தது. இந்த வருஷம் ஐயா வைப்பார் என்று ஊரெல்லாம் காத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு உதவி பண்ணுங்க. சாட்சி சமாசாரம் இருக்கட்டும். அதை ஐயாவிடம் இப்போது பேச வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தாங்க. இது அதே அட்டைதான். உங்க கட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்க. சலோமி அக்காவை எப்படியாவது பேசி அன்றைக்குக் கோயிலுக்கு வரவைத்துவிடுங்க. நீங்க சொன்னால் வருவாள், உங்கமேலே அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் கையை விடும்போது இது அவள் பக்கத்திலே கிடக்கிற மாதிரி நீங்க தாம்பாளத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும். ஆண்டவர் கொடுத்ததாகவே இருக்கும். நான் கொடுத்தேன் என்று சொல்லிவிடாதீங்க.

பின்பக்கம் திருப்பாதீங்க அம்மா. சரி, பார்த்துவிட்டீங்க. சலோமி என்று அவள் எழுதியிருந்ததை அடித்துவிட்டுத்தான் என் பெயரை எழுதினேன், அன்றைக்கே, கோயில் வாசலிலே நின்றுகொண்டு. அதற்கு மேலே ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டால் தெரியாது. பசை இருக்கிறது, இப்போதே ஒட்டித் தருகிறேன்.

மோட்டார் நின்றுவிட்டது, கேட்குதா? மண்வெட்டியைத் தோளிலே போட்டுக்கொண்டு இப்போது தெருமுனையிலே திரும்புவாள். இந்த வீட்டிலே உங்களைப் பார்த்தால் அந்த வீட்டுக்குள்ளே விடமாட்டாள், சீக்கிரம் எழுந்திருங்க. காப்பித் தம்ளரை அப்படியே வையுங்க, நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் அம்மா கையை இழுக்கிறீங்க? பழசு என்று பார்க்கிறீங்களா? புதுசுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டு நாள் அந்த மனுஷன் வயிற்றோடு கிடந்தும், பாருங்க, ஒரு சொட்டுகூட நனையவில்லை. வாங்கிக்கொள்ளுங்க.

அம்மா, வாங்கிக்கொள்ளுங்க.